இழுத்தால் அவிழும் முடிச்சு

வீட்டு வேலைக்குப் பயந்து ஒருத்தி இருபத்திரண்டு வருஷம் தன் விரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொள்வாளா? பொத்தான் கடைக்காரி அப்படித்தான் சொல்கிறாள். நூல்கண்டு வாங்கப் போகிறவர்களிடமெல்லாம் நூலோடு சேர்த்து இதையும் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறாள். என் ஓரகத்தி கையில் நோவென்று நடித்தாளாம், ஆலயத்தில் சபையார் முன்னால் குட்டு உடைந்ததும் வெட்கம் தாங்காமல் வீட்டை விட்டு ஓடிப்போனாளாம்.

ஓடவில்லை. நடந்துதான் போனாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு வயது அறுபத்தொன்று, முழங்காலில் வலி உண்டு. அது நிஜ வலி. ஓடச் சொன்னாலும் ஓட மாட்டாள்.

வேலைக்குப் பயந்தவள் என்றால், எங்கள் வீட்டு உருளைக்கிழங்கையெல்லாம் மூன்று விரலால் தோல் சீவியது யார்? துணி பிழிந்தது யார்? மூன்று விரலால் துணி பிழிந்து பார்க்கட்டும் பொத்தான் கடைக்காரி. பிறகு பேசலாம்.

அவளைக் குறை சொல்வதானால் எனக்குத்தான் உரிமை இருக்கிறது. என் கணவரின் தம்பி மனைவி அவள். முப்பத்தெட்டு வருஷமாக ஒரே சமையலறையில் இடித்துக்கொண்டு நிற்கிறோம். குறைகளைச் சொல்கிறேன். எந்தப் பாட்டிலையும் சரியாகத் திருகி மூட மாட்டாள். டீயை ஆறவைத்துவிட்டு, ஆறிவிட்டதே என்று என்னைப் பார்ப்பாள். ஜன்னலைத் திறந்தால் அவளுக்குச் சளி பிடிக்கும், மூடினால் மூச்சு முட்டும். இதெல்லாம் போக ஒரு பொய் சொன்னாள். அந்தப் பொய்யைச் சுமக்க இன்னொரு பொய் சொன்னாள். அதைத்தான் சொல்லப் போகிறேன். அரைகுறையாகத் தெரிந்தவர்கள் முழுசாகக் கேட்டுக்கொள்ளட்டும்.

அவள் ஒரு சலவை ஆலையில் வேலை செய்தாள். ஆஸ்பத்திரி படுக்கை விரிப்புகளெல்லாம் அங்கேதான் வரும். துவைத்துப் பிழிந்த விரிப்பை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, நீராவியில் சூடேறிச் சுற்றுகிற பெரிய உருளைக்குள் விட வேண்டும். அந்தப் பக்கம் சுருக்கமில்லாமல் காய்ந்து வெளியே வரும். உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி இருக்கும். கை அதில் பட்டால் உருளை நின்றுவிடும். பக்கத்தில் சிவப்புப் பொத்தான் ஒன்றும் உண்டு. அதை அமுக்கினாலும் நிற்கும். அவள் சொல்லிச் சொல்லி எனக்கே அந்த வேலை தெரியும்.

உருளையில் அவளுக்கு ஒரு ஜோடிக்காரி இருந்தாள். பதினோரு வருஷம் இரண்டு பேரும் ஒரே விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்தவர்கள். வீட்டுக்கு வந்தால் என் ஓரகத்தி வாயில் ஜோடிக்காரி பேச்சுத்தான். ஜோடிக்காரி இதைச் சொன்னாள், ஜோடிக்காரி அப்படிச் சிரித்தாள் என்று. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது எனக்கு. நான் என்ன சொன்னேன் என்று அங்கே போய்ச் சொல்லியிருக்க மாட்டாள்.

ஒருநாள் மத்தியானம் ஜோடிக்காரியின் வலது கை உருளையில் மாட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. மேற்பார்வையாளர் வந்து விசாரித்தார். ஜோடிக்காரிக்குக் காலையிலிருந்து தூக்கக் கலக்கம் என்று என் ஓரகத்தி சொன்னாள். அது அப்படியே காகிதத்தில் ஏறியது. பாய்ந்து போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கியவள் என்று என் ஓரகத்தியை எல்லோரும் பாராட்டினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஜோடிக்காரிக்கு ஆலையில் வேலை இல்லை. பெயர் மட்டும் இருந்தது: தூங்குமூஞ்சி. ஆலையில் இருந்தவர்கள் வைத்த பெயர் தெருவரைக்கும் வந்து, அவள் ஊரை விட்டுப் போகும்வரை கூடவே இருந்தது.

அப்போது எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒரு மாதத்துக்குள் என் ஓரகத்தியும் வேலையை விட்டாள். விரல் இரண்டும் மரத்துப்போகிறது, நரம்புக் கோளாறு என்றாள். பழைய விரிப்பில் கிழித்த நாடா ஒன்றால் வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். காலையில் கட்டுவாள், படுக்கும்போது அவிழ்ப்பாள். தெருவில் வைத்தியம் சொல்லாதவர்கள் இல்லை. வெந்நீர் என்றார்கள், ஐஸ் என்றார்கள். ஒருத்தர் காந்தக் காப்பு கொண்டுவந்தார். நானே நாலு தைலம் வாங்கிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் நன்றி சொல்லி வாங்கி அலமாரியில் வரிசையாக வைத்தாள். மூடியைத்தான் திருகவில்லை, எல்லாம் ஆவியாகிப் போயிற்று.

எட்டாவது வருஷம் ஒருநாள், நான் இல்லையென்று நினைத்துக்கொண்டு, கட்டை அவிழ்த்துவிட்டு ஊசியில் நூல் கோத்தாள். ஒரே முயற்சியில் கோத்தாள். என்னால் மூன்று தடவை எச்சில் தொட்டாலும் முடியாது. நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கேட்கவில்லை. ஓரகத்தியின் ரகசியம் ஒன்று கையில் இருப்பது நல்லதுதான் என்று நினைத்தேன். அது என் குணம், அதை மறைப்பதற்கில்லை. அதற்குப் பிறகு தைலம் வாங்கித் தருவதை நிறுத்திவிட்டேன். அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். மாதத்தின் முதல் ஞாயிறு ஆலயத்தில் திருவிருந்து, எல்லோரும் அப்பம் எடுக்கிற நாள்; மனதில் பாவத்தை ஒளித்து வைத்துக்கொண்டு அதைத் தொடக் கூடாது. முதல் ஞாயிறுதோறும் அவளுக்குத் தொண்டை கட்டும். அப்பத் தட்டு வரிசையாக வரும்போது, இருமிக்கொண்டே எனக்குத் தள்ளிவிடுவாள். எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிற நேரத்தில் மட்டும் தொண்டை தெளிவாக இருக்கும். எல்லோரையும்விட உரக்கச் சொல்வாள்.

பழைய போதகர் இதையெல்லாம் கண்டுகொள்கிறவர் அல்ல. போன மாதம் புதிதாக ஒருவர் வந்தார். வயது குறைவு, ஊக்கம் அதிகம். கை குலுக்கும்போது அந்தக் கட்டைப் பார்த்துவிட்டார். அதற்கு அடுத்த வாரம் ஆலய வாசலில் அறிவிப்புப் பலகை முன்னால் ஒரே கூட்டம். எனக்கு எழுத்துத் தெரியாது. எப்போதும் அவள்தான் வாசித்துச் சொல்வாள். அன்றைக்குப் பலகையைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற பொத்தான் கடைக்காரிதான் வாசித்தாள்: நம் சகோதரியின் கை குணமாக ஆறு நாள் ஜெபம், அடுத்த ஞாயிறு ஆராதனையில் குணமானதற்குச் சாட்சி.

ஞாயிறு முதல் வெள்ளிவரை ஆறு நாளும் சாயங்காலம் எங்கள் முன்னறையில் பெண்கள் கூடினார்கள். நாற்காலி போதவில்லை. பொத்தான் கடைக்காரி முழங்காலில்தான் நிற்பேன் என்று நின்றாள். நல்ல கைக்காக ஆறு நாள் முழங்கால் போட்டிருக்கிறாள், அந்தக் கோபம் நியாயம்தான். அதை மட்டும் நான் ஒத்துக்கொள்கிறேன்.

அவர்கள் ஜெபிக்க ஜெபிக்க என் ஓரகத்தி வற்றிக்கொண்டே போனாள். சாப்பிடவில்லை. ஆறாம் நாள் எல்லோரும் போனபிறகு, கோப்பைகளைக் கழுவிக்கொண்டே எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை குணமாயிட்டுப் போயேண்டி. கட்டை அவுத்தா முடிஞ்சுபோச்சு. யாருக்கு என்ன நஷ்டம்?"

அவள் என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"பதினாலு வருஷமாத் தெரியும்."

கையிலிருந்த கோப்பையைத் துடைத்து வைத்தாள். பிறகு சொன்னாள். "ரெண்டு பொய்யைத் தூக்கிட்டிருக்கேன் அக்கா. மூணாவதையும் ஆண்டவர் பேர்ல ஏத்தச் சொல்றீங்களா?"

சனிக்கிழமை மத்தியானம் போதகரைப் பார்க்கப் போனாள். கூட வா என்று கூப்பிடவில்லை, ஆனாலும் போனேன். ஆலயத்தின் பக்கத்து அறையில், ஒரு பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு ஆடுகிற காலைத் திருப்புளியால் முடுக்கிக்கொண்டிருந்தார் அவர். எங்களைப் பார்த்ததும் பெஞ்சை நிமிர்த்தி வைத்து உட்காரச் சொன்னார். நாளைக்குச் சாட்சி வேண்டாம் என்று இவள் சொன்னாள். நம்பிக்கை குறைகிறதா என்று கேட்டார். கையில் நோவில்லை என்றாள். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. எப்போது குணமாயிற்று என்று எழுந்தே நின்றுவிட்டார்.

"எப்பவுமே இருந்ததில்லை ஐயா."

அவர் பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தார். ஆடுகிற கால் அந்தப் பக்கம்தான். பெஞ்சு சாய்ந்தது. யாரும் அதைக் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

அப்போதுதான் அவள் சொன்னாள். எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

நாலு மணிக்கு வண்டி வருவதற்குள் அத்தனை விரிப்பையும் முடிக்க வேண்டும். ஈர விரிப்பு கனமாக இருக்கும். அது தடுப்புக் கம்பியில் இடித்து இடித்து, உருளை நின்றுகொண்டே இருக்கும். அதனால் பெண்கள் கம்பியைத் தூக்கி, பழைய விரிப்பில் கிழித்த நாடாவால் மேலே கட்டிவிடுவார்கள். மேற்பார்வையாளர் தலை தெரிந்தால் சட்டென்று அவிழ்க்க வேண்டுமே. அதற்காக நுனியைப் பிடித்து இழுத்தால் அவிழ்கிற முடிச்சுத்தான் போடுவார்கள். அந்த முடிச்சைப் போடுவதில் என் ஓரகத்தி கெட்டிக்காரி. அவள் முறை இல்லாத நாளிலும் அவளைத்தான் கூப்பிடுவார்களாம்.

அன்றைக்கும் அவள்தான் கட்டினாள். ஜோடிக்காரி கை உள்ளே போனது. அவள் கத்தினாள். என் ஓரகத்திக்கு வலப்பக்கம் சிவப்புப் பொத்தான், தலைக்கு மேலே முடிச்சு. கை முதலில் முடிச்சுக்குப் போனது. இந்த இரண்டு விரலால் நுனியைப் பிடித்து இழுத்து, நாடாவை உருவி மேலங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டாள். பிறகுதான் பொத்தானை அமுக்கினாள்.

நான் சும்மா இருக்க முடியாமல் நடுவில் புகுந்தேன். அங்கே எல்லோரும்தானே கட்டினார்கள், இவள் மட்டுமா கட்டினாள் என்றேன்.

"கட்டினது எல்லாரும்தான் அக்கா. அவுத்தது நான்."

நான் சாய்ந்த பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அவள் மீதியையும் சொன்னாள். அந்த இழுப்பு எவ்வளவு நேரம் என்று இருபத்திரண்டு வருஷமாக எண்ணிப் பார்க்கிறாள். ஒன்று எண்ணி முடிப்பதற்குள் ஆகிவிடும். அந்த ஒன்றுக்குள் போனது இரண்டாவது விரலா, இல்லை இரண்டுமே முன்னாலேயே போய்விட்டதா என்று அவளுக்குத் தெரியாது. மேற்பார்வையாளர் கம்பியைப் பற்றிக் கேட்டபோது, வாய் தானாகத் தூக்கக் கலக்கம் என்றது. பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். எல்லா உண்மையையும் சொல்லிவிடலாம் என்றுதான் போனாள். ஜோடிக்காரி கட்டுப்போட்ட கையைத் தூக்கி இவளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, நீ பொத்தானை அமுக்கியதால்தான் என் கை மிஞ்சியது என்று நன்றி சொன்னாளாம். பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, பையிலிருந்த நாடாவை எடுத்துத் தன் விரலில் கட்டிக்கொண்டாள்.

போதகர் கையில் திருப்புளியைப் பிடித்தபடியே இருந்தார். வேறு யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டார். ஆண்டவரிடம் தினமும் சொல்வேன் என்றாள். ஆண்டவர் என்ன சொன்னார் என்று போதகர் கேட்டார்.

"கேக்கறதுக்கு நான் நின்னதில்லை ஐயா. சொல்லிட்டு உடனே அடுத்த வேலைக்குப் போயிடுவேன்."

"நின்னு கேட்டிருக்கலாம்மா. மன்னிச்சாச்சுன்னுதான் சொல்லியிருப்பார்."

"மன்னிச்சா அவ விரல் வந்துடுமா?"

"வராது." அவர் அதில் மழுப்பவில்லை. அதனால்தான் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. "நீங்க கட்டிக்கிட்டதால வந்துச்சா?"

அவள் கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"சிலுவையில அவர் கையில ஆணி அடிச்சாச்சும்மா. நீங்க பண்ணினதுக்கும் சேர்த்துத்தான் அடிச்சாங்க. அது போதாதுன்னு நீங்க ரெண்டு விரலைக் கொண்டுபோய்க் கொடுத்துக்கிட்டே இருக்கீங்க. அவர் அதைக் கேக்கவே இல்லையே."

சொல்லிவிட்டு அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். அறையில் வார்னிஷ் வாசனை. அவள் மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு டீ ஆறுகிற நேரம் ஆகியிருக்கும்.

"ஆண்டவரே, நான் முடிச்சைத்தான் முதல்ல இழுத்தேன்" என்றாள். எங்களிடம் சொல்லவில்லை. இந்தத் தடவை அடுத்த வேலைக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு இடது கையால் நாடாவின் நுனியைப் பிடித்து இழுத்தாள். ஒரே இழுப்பு. அவிழ்ந்துவிட்டது. தினமும் காலையில் அவள் போட்டுக்கொண்டது அதே முடிச்சுத்தான்.

அழுதாளா என்று பலர் கேட்டார்கள். அழவில்லை. கொட்டாவி விட்டாள். வீடு வரும்வரை வழியெல்லாம் கொட்டாவி. மூன்று மணிக்குப் படுத்தவள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை மணி அடிக்கும்போதுதான் எழுந்தாள். இத்தனை வருஷமும் ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டே கிடந்த பெண், அன்றைக்கு என் அறைக்குக் கேட்கும்படி குறட்டை விட்டாள்.

ஞாயிறு அன்று சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது, முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். இது அற்புதம் இல்லை, என் கைக்கு எதுவும் ஆகவில்லை, ஆனது என் ஜோடிக்காரியின் கைக்கு, அவள் தூங்கவில்லை என்றாள். தூங்கவில்லை என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். அன்று முதல் ஞாயிறு. அப்பத் தட்டு வந்தபோது அவளுக்குத் தொண்டை கட்டவில்லை. அந்த இரண்டு விரலால்தான் எடுத்தாள். பழக்கமில்லாத விரல், துண்டு நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து பொறுக்கி ஊதிவிட்டுச் சாப்பிட்டாள். பொத்தான் கடைக்காரி அதையும் ஒரு குற்றமாகச் சேர்த்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் நாலு நாள் வீட்டில் இருந்தாள். விடுதலை கிடைத்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் அந்தக் கையாலேயே எடுப்பேன் என்று எடுத்து என் கோப்பைகள் மூன்றை உடைத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நாலாவதை மட்டும் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சலவை ஆலையில் வண்டி ஓட்டியவரைத் தேடிப் பிடித்து, ஜோடிக்காரி இப்போது மகள் வீட்டில் இருக்கிறாள், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு வந்தாள்.

போய்ச் சொல்லி, அவள் மன்னிக்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். கேட்கத்தானே நான் இருக்கிறேன்.

"மன்னிக்கலைன்னா, அது அவ நியாயம். முன்னாடி அதுக்குப் பயந்துதான் அக்கா போகலை. இப்ப போகலாம்."

அங்கே என்ன நடந்தது என்பது அவர்கள் இரண்டு பேர் சங்கதி. நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள். போன ஞாயிறு போன் செய்தாள். திரும்பி வர இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போதே, டீ ஆறிப்போகிறது என்று பின்னால் ஒரு பெண்குரல் அவளை அதட்டியது. எனக்குப் பழைய பொறாமை கொஞ்சம் வந்தது. ஓடிப்போனவளை யாராவது டீ குடிக்கக் கூப்பிட்டு அதட்டுவார்களா? பொத்தான் கடையில் போய்க் கேளுங்கள்.

அவள் புறப்பட்டது வியாழக்கிழமை காலை. சின்னப் பை ஒன்று. அதில் மாற்றுடை, மாத்திரை, அந்த நாடா. நாடா எதற்கு என்று கேட்டேன். அவளிடம் காட்ட வேண்டும், இதுதான் அது என்று சொல்ல வேண்டும் என்றாள்.

என் கொழுந்தனார் கோட்டை எடுத்து வந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக அவளுடைய கோட்டுப் பொத்தான்களைத் தினமும் அவர்தான் மாட்டிவிடுவார். அன்றைக்கு அவர் குனிவதற்குள் அவளே மாட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக, மெதுவாக, கீழிருந்து மேல்வரை. அவர் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். அவள் அவரைப் பார்த்தாள். மேல் பொத்தானைத் திரும்பக் கழற்றிவிட்டாள்.

"இது சரியா வரலை. மாட்டி விடுங்க."

அவர் மாட்டிவிட்டார். நானும் வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அடுப்பில் பால் இருக்கிறது பாருங்கள் என்றாள். அவர் பாலைப் பார்க்கப் போனார்.

எங்கள் வாசல் தாழ்ப்பாள் முரட்டுத் தாழ்ப்பாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து அழுத்தி இழுத்தால்தான் திறக்கும். இத்தனை வருஷமும் அவளுக்கு நான்தான் திறந்துவிடுவேன். பழக்கதோஷத்தில் நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

"உக்காருங்க அக்கா" என்றாள்.

முதல் தடவை வழுக்கியது. இரண்டாம் தடவையும் வழுக்கியது. மூன்றாவது தடவை திறந்தது. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. கதவையும் சாத்தவில்லை, மூடுகிற பழக்கம்தான் அவளுக்கு எதிலும் கிடையாதே. உள்ளே ஒரே காற்று. நான்தான் எழுந்து போய்ச் சாத்த வேண்டியிருந்தது.